ஷாண்டின் ஒடுக்கு

ஹெக்டர் கெடிஸ் கயிறு பிரித்துக்கொண்டிருந்தார். மூன்று புரிகளையும் தனித்தனியாக்கி, நுனிகளை எச்சில் தொட்டு முறுக்கி, மரப்பந்தின் துளை வழியே விட்டு மறுபக்கம் இழுத்தார். பிறகு ஒவ்வொரு புரியையும் கயிற்றின் உடம்புக்குள்ளேயே மேலும் கீழுமாகச் செருகி இறுக்கினார். முடிச்சே இல்லாத இணைப்பு. அந்த விரல்களால் சட்டைப் பொத்தான் போட முடியாது, தினமும் நான்தான் போட்டுவிடுவேன். கயிறு மட்டும் அவர் சொன்னபடி கேட்டது.

நான் தரையில் மண்டியிட்டு அவருடைய இடது கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"காலை ஆட்டாதீங்க ஹெக்டர்."

"கால் எங்கம்மா ஆடுது? பந்துதான் ஆடுது."

"பந்து உங்க மடியிலதானே இருக்கு. எல்லாம் ஒண்ணுதான்."

அது 2009, செப்டம்பர் கடைசி, புதன்கிழமை மத்தியானம். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆக்லின்னி விஸ்கி வடிசாலையில் புதுப் பானைக்குத் திறப்பு விழா. பழைய காலத்து மரப்பந்தைப் பானைக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும், புதுக் கயிறு போட்டுத் தர முடியுமா என்று மேலாளர் கேலம் கேட்டனுப்பியிருந்தான். ஹெக்டர் உடனே சரி என்றார். அப்புறம் நான்கு நாள் பந்தைத் தொடவே இல்லை. ஐந்தாம் நாள்தான் எடுத்தார்.

எனக்கு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை. அந்த வருஷம் என் பட்டியலில் பதினொரு பேர். ஹெக்டருக்கு எழுபத்தைந்து வயது. இதயம் பாதிதான் வேலை செய்தது, கால்களில் நீர் கோத்துப் புண்ணாகியிருந்தது. குளிர்காலம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் என்னிடமும் சொன்னார், அவரிடமும் நேராகவே சொல்லிவிட்டார். மனைவி எஃபி இறந்து எட்டு வருஷம். மகள் கனடாவில். வீடு சுத்தமாக இருக்கும். தட்டு கழுவாமல் அவர் படுத்து நான் பார்த்ததில்லை.

குதிரை கட்டி உழுதவரின் மகன். பதினைந்து வயதில் வடிசாலையில் முளைகட்டும் தளத்தில் பார்லி புரட்டும் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்து நாலு வயதில் பானை பார்க்கும் ஆள் ஆனார். அறுபத்தைந்தில் ஓய்வு பெறும்வரை அதே வேலை. தலைமை ஆளாக இருக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார்கள், மூன்று முறையும் மறுத்தார். அடக்கமான மனுஷன் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த மரப்பந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பார்லிக் கஞ்சி புளித்த ஊறலைப் பெரிய செம்புப் பானையில் ஊற்றிக் காய்ச்சும்போது அது பால் மாதிரி பொங்கும். பொங்கிக் கழுத்தைத் தாண்டிவிட்டால் அன்றைய சரக்கு பாழ். இப்போது கழுத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள், பார்த்தால் தெரியும். நிலக்கரி அடுப்புக் காலத்தில் ஜன்னல் கிடையாது. கூரையிலிருந்து தொங்கும் மரப்பந்தை இழுத்துக் கழுத்தின் மேல் மோத விடுவார்கள். கழுத்து காலியாக இருந்தால் மணி மாதிரி ஒலிக்கும். நுரை ஏறியிருந்தால் தொப்பென்று கேட்கும். தொப்பென்று கேட்டால் ஓடிப்போய் அடுப்பைத் தணிக்க வேண்டும்.

பானையின் வடிவம் மாறினால் விஸ்கியின் ருசி மாறிவிடும் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இருபது இருபத்தைந்து வருஷத்தில் செம்பு தேய்ந்துபோகும், வேறு பானை செய்ய வேண்டும். அப்போது பழைய பானையின் கோணல், வீக்கம், ஒட்டுப்போட்ட இடம் எல்லாவற்றையும் அளந்து புதியதிலும் அப்படியே வைக்கச் சொல்வார்கள். ஆக்லின்னியின் பெரிய பானைக் கழுத்தில் அடிபட்டு நசுங்கிய ஒடுக்கு ஒன்று இருந்தது. சூப் கரண்டி முழுகும் அளவு. அதற்குப் பெயர் ஷாண்டின் ஒடுக்கு.

ஊருக்குத் தெரிந்த கதை இது. 1961 அக்டோபரில், மத்தியான முறைக்கு வந்த ஆர்ச்சி ஷாண்ட் குடிபோதையில் பானையை எதனாலோ அடித்து ஒடுக்கிவிட்டான். கேட்டால் நான் இல்லை என்று சாதித்தான். ஏற்கெனவே ஒருமுறை, காற்சட்டைக்குள் செம்புக் குழாயைக் கட்டி அதில் விஸ்கி கடத்தும்போது பிடிபட்டவன். இந்தத் தடவை மன்னிப்பு கிடைக்கவில்லை. வேலை போயிற்று. வேலையோடு கம்பெனி வீடும் போயிற்று. மனைவி மினாவையும் ஆறு மாதக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கல்குவாரிப் பாதையில் ஒரு பழைய வீட்டுக்குப் போனான். கல் தரை, ஈரச் சுவர். ரோடு போடும் வேலை பார்த்தான். 1994-இல் செத்துப்போனான்.

கதையில் வேடிக்கை அதன் பிறகுதான். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒடுக்கு விழுந்த பானையில் வடித்ததை ஷெர்ரி மது இருந்த பீப்பாய்களில் அடைத்தார்கள். பத்து வருஷம் கழித்து அதை ருசி பார்த்தவர்கள், பேரிக்காய் வாசனையும் பூந்தேன் ருசியும் தொண்டையில் கொஞ்சம் புகையும் இருக்கிறது, என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கடிதம் எழுதிக் கேட்டார்கள். அதே தண்ணீர், அதே பார்லி, அதே பீப்பாய். மாறியது ஒடுக்கு மட்டும்தான். அன்றிலிருந்து ஒடுக்குக்கு மரியாதை வந்துவிட்டது. 1984-இல் பானை மாற்றியபோது ஒடுக்கையும் சேர்த்துச் செய்யச் சொன்னார்கள். இப்போது மறுபடி புதுப் பானை, மறுபடி அதே ஒடுக்கு. இந்த முறை அதன் பெயரில் தனி விஸ்கி, லேபிள் அச்சாகிவிட்டது. பித்தளைத் தகடு ஒன்றும் தயார். தகட்டை மூடிய துணியை மினா ஷாண்ட் இழுப்பதாக ஏற்பாடு.

கட்டுப் போட்டு முடித்து ஊக்கு குத்தினேன். ஹெக்டர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டார்.

"ரோனா, இது அன்னைக்கு அறுந்துபோச்சு."

"எது?"

"இந்தப் பந்தோட கயிறு. பதினஞ்சு நாளா நைஞ்சுக்கிட்டே இருந்தது. மாத்த வேண்டியது என் பொறுப்பு. உருளைக்கிழங்கு தோண்டுற சமயம், எஃபி வேற பிள்ளைத்தாச்சி. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன். மதியம் ஒரு மணிக்கு இழுத்தேன், கையோட வந்திருச்சு. பந்து உருண்டு கரிக்குள்ள போயிருச்சு. உள்ள குமுறுது, காதுல கேக்குது. கரி இழுக்கிற இரும்புக் கோலை எடுத்தேன்."

நான் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மரத்தால தட்ட வேண்டியதை இரும்பால தட்டினேன். மெதுவாத் தட்டியிருந்தாலும் சத்தம் கேட்டிருக்கும். பயத்துல ஓங்கிட்டேன்."

"ஆர்ச்சி?"

"அவன் முறை ரெண்டு மணிக்கு. அதுக்குள்ள அடுப்பைத் தணிச்சு, பந்தைத் தேடி எடுத்து, அறுந்த கயிறை ஒரு முடிச்சுப் போட்டு மாட்டிட்டேன். அவன் வந்தான், என்னமோ ஜோக்கு சொன்னான், சிரிச்சேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வீட்டுக்கு வந்துட்டேன். நாலரை மணிக்கு மேலாளர் என் தோட்டத்துக்கே வந்தார். 'நீ கிளம்பறப்ப கழுத்துல ஒடுக்கு இருந்ததா கெடிஸ்?'னார். நான் பார்க்கலன்னேன். அவ்வளவுதான் ரோனா. ஆர்ச்சி பேரை நான் எடுக்கவே இல்லை."

"எடுக்க வேண்டிய தேவை இல்லாமப் போச்சு."

"ஆமா."

மறுநாள் ஆர்ச்சி அவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்றிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லு ஹெக்டர் என்றிருக்கிறான். பார்க்கல ஆர்ச்சி என்று இவர் அதையே மறுபடி சொல்லியிருக்கிறார். அதன் பிறகு முப்பத்து மூன்று வருஷம், ரோட்டில் பார்க்கும்போதெல்லாம் ஆர்ச்சி தலையை ஆட்டிவிட்டுப் போவானாம். அதற்குப் பதில் திட்டியிருந்தால் தேவலை என்றார் ஹெக்டர்.

1984-இல் நடந்ததையும் சொன்னார். செம்புக் கொல்லர்கள் பட்டறையில் புதுக் கழுத்தில் ஒடுக்கு வைக்க முயன்று முடியாமல், பழைய பானையை நன்றாக அறிந்தவர் என்று ஹெக்டரைக் கூப்பிட்டார்கள். சுத்தியலால் தட்டினால் வட்டமாக விழுந்தது, இதுவோ ஒரு பக்கம் ஒடுங்கி நீண்டது. கொல்லர் தலைவன், "செம்பை நேராக்கத்தான் எனக்குச் சம்பளம் தருவாங்க, கெடுக்கறதுக்குத் தர்றது இதான் முதல் தடவை" என்று சிரித்தானாம். ஹெக்டர், "கோல் முனையால, சாய்ச்சு அடிச்சுப் பாரு" என்றிருக்கிறார். அச்சு அசலாக விழுந்தது. "உனக்கெப்படித் தெரியும் கெடிஸ்?" "ஒரு யூகம்தான்." எல்லோரும் அவர் முதுகில் தட்டினார்களாம்.

"நாளைக்கு அந்தத் தகடு மாட்டிட்டாங்கன்னா அவன் பேர் அதுல நின்னுரும். பித்தளை ரோனா. நான் போனப்புறமும் இருக்கும்."

நான் பையை மூடினேன். புண் மூடியே இருந்தால் உள்ளே அழுகும், திறந்து சுத்தம் செய்தால்தான் ஆறும் என்று எனக்குப் படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கால் புண்ணுக்கு அது சரி. எல்லாவற்றுக்கும் சரியா என்று அன்று யோசிக்கவில்லை.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? கேக்க வேண்டியவ குவாரிப் பாதையில இருக்கா. கோட்டைப் போடுங்க."

மினாவின் வீட்டுக்குச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போக இருபது நிமிஷம். அவள் அடுப்புக்கு முன்னால் நின்று, நாளைக்குப் போடவேண்டிய தொப்பியைக் கெட்டில் பளபளப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்து மூன்று வயது, வாய் மட்டும் இருபது.

"என்ன, ஊர்வலமா? ஹெக்டர் கெடிஸைத் தேர்ல வெச்சுக் கூட்டிட்டு வர்றா பாரு."

"எப்படி இருக்க மினா?" என்றார் ஹெக்டர்.

"நாளைக்கு நான்தான் கதாநாயகி, தெரியுமில்ல? குடிகாரன் பொண்டாட்டின்னு சொன்ன அதே ஊரு, அம்மா இப்படித் திரும்புங்க, அப்படித் திரும்புங்கன்னு படம் பிடிக்கப்போகுது. நீ பக்கத்துல நின்னு மூக்கைச் சிந்தாம இரு."

டீ ஊற்றினாள். மேசை ஆடியது, டீ தட்டில் சிந்தியது. அந்தக் கல் தரையில் அந்த மேசை ஆடாமல் நின்று நான் பார்த்ததில்லை. ஆர்ச்சி இருந்த காலத்தில் காகிதத்தை மடித்துக் கால் அடியில் வைப்பானாம், ஈரத்தில் நைந்துபோகுமாம், மறுபடி மடித்து வைப்பானாம்.

ஹெக்டர் சுற்றி வளைக்கவில்லை. என்னிடம் சொன்னதை அதே வரிசையில் சொன்னார். கயிறு, கோல், தோட்டம், பார்க்கல. மினா தொப்பியைக் கழற்றவில்லை. சிரித்த முகம் அப்படியே இருந்தது, அதில் சிரிப்பு மட்டும் இல்லை.

"மாத்திரை எதாவது மாத்திக் குடுத்தியா ரோனா?"

"இல்ல மினா."

அவள் ஹெக்டர் பக்கம் திரும்பினாள். "கயிறு அறுந்துச்சுன்னியே. அறுந்ததை என்ன பண்ணின?"

"முடிச்சுப் போட்டு மாட்டினேன்."

"முடிச்சு."

"ஆமா."

அவள் உட்கார்ந்தாள். மேசை ஆடியது.

"முடிச்சைப் பாரு மினா, முடிச்சைப் பாருன்னு ஆர்ச்சி சொல்லிக்கிட்டே இருப்பான். பந்துக் கயிறுல யாரும் முடிச்சுப் போட மாட்டாங்க, புரி செருகித்தான் இணைப்பாங்க, அவசரத்துல எவனோ போட்ட முடிச்சு, எனக்கு முந்தின முறைக்காரன் போட்டதுன்னு. மேலாளர்கிட்ட காட்டினானாம். நீயே போட்டிருப்பன்னுட்டாராம். அந்த முடிச்சைப் பத்தி மேலாளரையும் எங்களையும் தவிர யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"உன் பேரைத்தான் சொன்னான் ஹெக்டர். ஒரு தடவையா, நாப்பது தடவை. ஒவ்வொரு தடவையும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? வாயை மூடு, ஒரு நல்ல மனுஷன் மேல பழி போடாதேன்னு சொன்னேன். உனக்காக நான் சண்டை போட்டேன், என் புருஷன்கிட்ட. கடைசியில அவன் சொல்றதை நிறுத்திட்டான். ஒத்துக்கிட்டான்னு நெனச்சுக்கிட்டேன்."

ஹெக்டர் தலை நிமிரவில்லை. அவர் மூச்சு வாங்குவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பழக்கம்.

மினா எழுந்துபோய்ச் சுவர் அலமாரியைத் திறந்தாள். உள்ளே விஸ்கிப் பாட்டில்கள், நாற்பதுக்கு மேல் இருக்கும், ஒன்றுகூடத் திறக்காதவை. பின்வரிசையில் ஆக்லின்னி என்று வெறும் எழுத்து மட்டும் போட்ட பழைய லேபிள்கள். அடுத்து மான் தலை போட்டவை. பழைய குடும்பம் வடிசாலையை விற்றதும் மான் போய் மலை வந்தது. அந்தக் கம்பெனியும் விற்று, அடுத்தவன் வந்ததும் மலை போய்ப் பன்னிரண்டு வருஷம் என்று பெரிய எண் வந்தது. வடிசாலையின் சரித்திரத்தை யாராவது எழுத நினைத்தால் அந்த அலமாரி போதும்.

"ஒவ்வொரு புதுவருஷத்துக்கும் வாசல்ல ஒரு பாட்டில். யார் வெச்சதுன்னு தெரியாது. கம்பெனிக்காரன் மனசு உறுத்தி அனுப்பறான்னு நெனச்சேன். நீயா?"

"வருஷா வருஷம் எங்களுக்குக் குடுக்கிற பாட்டில். ஓய்வு வாங்கினப்புறமும் குடுப்பாங்க. நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்ல."

"அவன் தொடல. வேலை போன அன்னையிலிருந்து ஒரு சொட்டு தொடல. குடிகாரன் பேச்சு எடுபடாது, குடியை விட்டுட்டா நம்புவாங்கன்னான். விட்டான். அப்பவும் எடுபடல. என்கிட்டயே எடுபடல." அலமாரியைச் சாத்தினாள். "பாட்டில் வெச்சானாம். ஒரு வார்த்தையை வெச்சிருக்கலாமே."

மறுபடி ஹெக்டருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கு இன்னைக்கு வந்து சொன்ன? நாளைக்கு ஒரு நாள் நான் தொப்பி போட்டுக்கிட்டு நின்னிருப்பேன். அவன் இந்த உலகத்துல விட்டுட்டுப் போனது அந்த ஒடுக்கு ஒண்ணுதான்னு, அதுலகூடப் பெருமைப்படக் கத்துக்கிட்டேன். அதையும் எடுத்துக்கிட்ட. எனக்குக் கைமாறா என்ன குடுத்திருக்க பாரு."

"தப்புதான் மினா."

"சொல்லிட்டேன், முடிஞ்சதுன்னு நெனைக்காத. அன்னைக்கு எங்க சொல்லியிருக்கணுமோ அங்க சொல்லு."

"அந்த மேலாளர் செத்து இருபது வருஷம் ஆச்சு. கூட வேலை பார்த்தவங்களும் யாரும் இல்ல."

"பானை இருக்கில்ல? அது முன்னாடி சொல்லு."

வீட்டுக்கு வந்ததும் ஹெக்டர் கயிற்றை எடுத்து மீதிப் புரிகளைச் செருகி முடித்தார். இழுத்துப் பார்த்தேன். யானை கட்டலாம். என் வீட்டுக்குப் போகும் வழியில் பந்தை வடிசாலையில் கொடுத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை தூறல். அவருக்குக் கறுப்புக் கோட்டு போட்டு, கழுத்துப்பட்டை கட்டி, விழா நடுவில் சிறுநீர் முட்டாமல் இருக்க நீர் மாத்திரையைப் பதினொரு மணிக்குத் தள்ளிவைத்து, தள்ளிக்கொண்டு போனேன். பானைக்கூடத்தில் முப்பது நாற்பது பேர். புதுப் பானை ஆரஞ்சுப் பழம் மாதிரி மின்னியது. கழுத்தில் ஒடுக்கு, பழையதில் இருந்த அதே இடத்தில், அதே சாய்வில். ஹெக்டரின் பந்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். முன்னால் மரக் கிராதியில் துணி மூடிய தகடு. மேசையில் புது லேபிள் பாட்டில்கள். மினா தொப்பியோடு வந்திருந்தாள். கண்ணிமை வீங்கியிருந்தது. எங்களைப் பார்க்கவில்லை.

கேலம் நல்ல பையன், நன்றாகப் பேசுவான். உரிமம் வாங்குவதற்கு முன்னால் இருபது வருஷம் திருட்டுத்தனமாக வடித்த நிறுவனர், ஊறல் பானையைச் சவப்பெட்டியில் வைத்துக் கலால் அதிகாரி முன்னாலேயே தூக்கிக்கொண்டு போனது, இரண்டு போர்களில் பார்லி இல்லாமல் மூடிக் கிடந்தது என்று வழக்கமாகச் சொல்வதெல்லாம் சொன்னான். வழக்கமான இடங்களில் சிரித்தார்கள். "கடைசியா ஒரு குடிகார மகாத்மா, அவரோட கைவண்ணம்" என்றபோது எல்லோரையும்விட அதிகம் சிரித்தார்கள். மினா துணியை இழுத்தாள். ஷாண்டின் ஒடுக்கு, 1961.

ஹெக்டர் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். நான் முழங்கையைத் தாங்கினேன்.

"அது ஆர்ச்சி போட்டதில்ல. நான் போட்டது. என் முறையில, மதியம் ஒரு மணிக்கு, கரிக் கோலால அடிச்சேன். கேட்டப்ப பார்க்கலன்னு பொய் சொன்னேன். அவன் வேலை போச்சு, வீடு போச்சு. அவன் அன்னைக்குக் குடிச்சிருக்கவும் இல்ல."

யாரோ கைதட்டினார்கள். தொடர்ந்து எல்லோரும் தட்டினார்கள்.

கேலம் வந்து அவர் தோளைப் பிடித்தான். குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "செத்துப்போன சிநேகிதனுக்காகத் தன் தலையில பழியைத் தூக்கிப் போட்டுக்கிறார் பாருங்க. அம்பது வருஷத்துல ஒரு தப்புப் பண்ணாத மனுஷன். இவங்கதான் ஆக்லின்னி."

"பொய் இல்ல தம்பி. நான்தான்."

"சரிங்க கெடிஸ் ஐயா, சரி. உக்காருங்க." என்னிடம் குனிந்து, "மாத்திரை கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்றான்.

"மாத்திரை அளவாத்தான் இருக்கு. அவர் சொல்றது நிஜம்" என்றேன்.

"அவன் நிஜத்தைத்தான் சொல்றான்" என்றாள் மினாவும். பக்கத்தில் இருந்த பெண் அவள் கையைத் தடவி, "பாவம், உங்களுக்கு எப்படி இருக்கும்னு புரியுது" என்றாள். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே படம் எடுத்தான். ஹெக்டர் தான் சொல்வதை நம்பாத முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். ஆர்ச்சி பார்த்தது என்னவென்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மினா சுற்றிப் பார்த்தாள். கொல்லர் பட்டறைப் பையன் ஒருவன் கருவிப் பெட்டியோடு ஓரமாக நின்றான்.

"ஏம்ப்பா, திருப்புளி வெச்சிருக்கியா?"

அவன் எதற்கென்று தெரியாமல் எடுத்து நீட்டினான். மினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிராதிக்கு முன்னால் குனிந்தாள். ஒரு திருகு, இரண்டு திருகு.

"மினா அம்மா, என்ன பண்றீங்க?"

"இது என் புருஷன் பேரு. இங்க இருக்க வேண்டாம்."

"லேபிளெல்லாம் அடிச்சாச்சும்மா."

"அது உன் பாடு."

நான்கு திருகுகளையும் எண்ணிப் பையனிடம் கொடுத்தாள், திருப்புளியையும் துடைத்துக் கொடுத்தாள். தகட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. கிராதியில் நான்கு துளைகள் இருந்தன. பின்னால் வேறு தகடு செய்து அதே துளைகளில் மாட்டினார்கள் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.

ஹெக்டரைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். அவர் வீட்டுத் திருப்பம் வந்தபோது, "அவ பின்னாடியே போ ரோனா" என்றார். போனேன். மினாவின் வாசற்படி உயரமாக இருக்கும், நாற்காலி ஏறாது. அவரை வெளியில் விட்டுப் பிரேக் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

மினா தொப்பியோடு தரையில் முட்டி போட்டிருந்தாள். "தூக்கு" என்றாள். மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன். நைந்த காகித மடிப்பை உருவி அடுப்பில் போட்டாள். தகட்டை, பெயர் இருந்த பக்கம் மேலே வரும்படி காலுக்கு அடியில் வைத்தாள்.

"இறக்கு."

இறக்கினேன். உள்ளங்கையால் மேசையை அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை.

மூன்று கோப்பைகளில் டீ ஊற்றினாள். ஒன்றை என்னிடம் நீட்டி, "அவனுக்குக் குடு. உள்ள வேண்டாம்" என்றாள்.

வெளியே தூறல் நிற்கவில்லை. ஹெக்டரின் விரல்களுக்குப் பிடி கிடையாது என்பதால் கோப்பையை அவர் இரண்டு கைக்குள்ளும் வைத்து, என் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கடைசி வரை குடித்தார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, அவரை வீட்டுக்குக் கொண்டுபோய், ஈரக் கோட்டைக் கழற்றி, பதினொரு மணி மாத்திரையைப் பதினொன்றரைக்குக் கொடுத்தேன்.